இறக்கம் இல்லாத இருபத்திரண்டு மைல்

அயர்லாந்தின் மேற்கு ஓரத்து மலைகளுக்கு நடுவில், மழை பெய்யாத நாளை விசேஷ நாளாக நினைவில் வைத்துக்கொள்ளும் பாலிக்ரோன் என்ற சிற்றூரில், மே மாதத்து முதல் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இறக்கம் என்ற ஒன்று இல்லாமல் போயிற்று. ஊரைச் சுற்றிவரும் சாலை என்னவோ போட்டது போட்டபடிதான் கிடந்தது. தேவாலய வாசலில் புறப்பட்டு, அடுப்பெரிக்கக் கரிமண்ணை வெட்டிக் காயவைக்கும் வெளிகளைத் தாண்டி, கணவாய் வரைக்கும் ஏறி, அங்கிருந்து ஏரிக்கரையோடு வளைந்து வளைந்து, இருபத்திரண்டு மைல் கழித்து அதே தேவாலய வாசலுக்கு வந்துசேரும் அந்தச் சாலையில் ஒரு கல்கூட இடம் மாறவில்லை. ஆனால் வலப்பக்கமாகப் போனாலும் ஏற்றம், இடப்பக்கமாகப் போனாலும் ஏற்றம், பாதியில் மனம் மாறி வந்த வழியே திரும்பினாலும் ஏற்றம், முழுச் சுற்றும் முடித்துப் புறப்பட்ட இடத்திலேயே வந்து மூச்சு வாங்கி நின்றாலும் அதுவரை மிதித்தது அத்தனையும் ஏற்றம். நம்பாதவர்கள் போய் மிதித்துப் பார்க்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

இதை முதலில் தெரிந்துகொண்டவள் பிரகாசி. கன்னியாகுமரிப் பக்கம் மணக்குடிக் கடற்கரையில் பிறந்து, ஒரு மேட்டைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் வளர்ந்து, முப்பத்தெட்டாவது வயதில் இந்த மலைகளுக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்டவள். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. அந்த வேலைக்குக் கார் வேண்டும். பிரகாசி ஓட்டுநர் தேர்வுக்கு மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் ரவுண்டானாவில் எல்லா வண்டிகளுக்கும் வழிவிட்டுக்கொண்டே நின்றாள், மூன்றாம் தடவை தேர்வு வைத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க ரொம்ப நல்ல மனுஷி, அதுதான் பிரச்சினை” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். பிறகு தேவாலயத்தில் பழைய சாமான் விற்ற அன்று அவள் ஒரு கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வழக்கம்போலப் பதினொரு மைல் ஏறி, சுற்றின் நடுப்புள்ளியில், கணவாய்க்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் மலாக்கி பர்ன் வீட்டுக்குப் போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினாள். போகும்போது வியர்வையில் நனையும் சட்டை வரும்போது காற்றில் உலர்வதுதான் வழக்கம், அன்றைக்கு வரும்போதும் நனைந்தது. பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால் அது பாட்டுக்குச் சுழன்றது. சரி, முந்தின நாள் தின்ற மாட்டுக்கறிக் குழம்புதான் வேலை காட்டுகிறது என்று முடிவு செய்து ஒரு தம்ளர் சுக்குத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தாள்.

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. காரணமும் கூடவே தெரிந்துவிட்டது, ஏனென்றால் காரணம் சாலை முழுக்க வரைந்து கிடந்தது.

அந்தச் சுற்றை முதலில் கண்டுபிடித்துச் சைக்கிள்காரர்களுக்கான பாதையாக்கியவர் மலாக்கிதான். வாலிபத்தில் அந்த மாவட்டத்திலேயே அவரை முந்த ஆளில்லை என்பார்கள். ஒவ்வொரு மே மாதமும் கோடைச் சவாரிக்கு முன்னால் அவர் ஒரு வாளி மஞ்சள் பெயின்ட்டோடு போய், திருப்பத்துக்குத் திருப்பம் சாலையில் அம்பு போட்டு வருவார், அம்பு காட்டும் பக்கம் மற்றவர்கள் மிதிப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கம் செயலிழந்துபோனதும், மிஞ்சிய பழைய அம்புகளை நம்பி மூன்று வருஷம் ஓட்டினார்கள். அவை தேய்ந்து அழிந்தபின், புதிதாக யார் போடுவது என்று சைக்கிள் சங்கத்தில் பேச்சு வந்தபோது கார்வி குடும்பமும் கை தூக்கியது, டோலன் குடும்பமும் கை தூக்கியது.

கார்விகளும் டோலன்களும் முப்பத்தொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒரு கால்பந்தாட்டத்தில் ஒரு கார்வி நடுவராக நின்று, ஒரு டோலன் அடித்த கோலைச் செல்லாது என்று விசில் ஊதியதில் வந்த பகை அது. ஆகவே அந்தச் சனிக்கிழமை ஃபெஸ்டி கார்வி தன் இரண்டு மகன்களோடு தேவாலய வாசலிலிருந்து வலப்பக்கமாக அம்பு போட்டுக்கொண்டு போனார். அதே நேரத்தில், அதே வாசலிலிருந்து, நோரீன் டோலன் தன் தம்பிமாரோடு இடப்பக்கமாக அம்பு போட்டுக்கொண்டு போனாள். மலாக்கி வீட்டு வாசலில் இரண்டு கூட்டமும் எதிரும் புதிருமாகச் சந்தித்தன. நீ தப்பாகப் போடுகிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஆனால் அதைச் சொல்வதற்கு முதலில் பேச வேண்டுமே. ஒருவரையொருவர் பார்க்காமல், வழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாத காருக்குக்கூட ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஒரு விரலைக்கூடத் தூக்காமல் கடந்து, மற்றவர் போட்ட அம்புக்குப் பக்கத்திலேயே எதிர்த்திசையில் தங்கள் அம்பைப் போட்டுக்கொண்டு முழுச் சுற்றையும் முடித்து ஊர் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் போகச்சொல்லி உத்தரவு வந்தால் ஒரு சாலை என்ன செய்யும், இரண்டு பக்கமும் ஏறிவிட்டது.

ஊர் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டது. சாலைத் துறையிலிருந்து வந்த பொறியாளர் ரசமட்டத்தை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்து, ‘சரிவு: இரு திசையிலும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். மழைத்தண்ணீர் சாலைக்கு வந்ததும் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் அங்கங்கே தேங்கி நின்றது, ஆடுகள் அதைக் குடிக்கப் பழகின. பிள்ளைகள் உதைத்த பந்து சாலையில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே நின்றது. பாதிரியார் பிரசங்கத்தை ஐந்து நிமிஷமாகக் குறைத்தார், கேட்கிற நிலையில் வந்துசேருகிறவர்கள் யாருமில்லை என்பதால். ஜூனில் வெளியூர்ச் சைக்கிள்காரர்கள் அதிசயம் பார்க்கக் கூட்டமாக வந்தார்கள், ஜூலையில் பாதியாகக் குறைந்தார்கள், ஆகஸ்டில் ஒருவரும் இல்லை. ஏறுகிறவன் எதற்கு ஏறுகிறான், கடைசியில் கையை விட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு இறங்கத்தானே. அம்பை அழித்தால் சரியாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாருடைய அம்பை அழிப்பது என்று கேட்டால் இரண்டு குடும்பமும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தன. அந்தப் பேச்சை எடுப்பதற்கு ஏறிவிட்டுப் போவது சுலபம் என்று ஊர் முடிவு செய்தது.

கார்கள்தான் தோற்றன. இறக்கமே இல்லாத சாலையில் கிளட்ச் தீய்ந்தது, எஞ்சின் கொதித்தது, இப்படியொரு சாலைக்குக் காப்பீடு கிடையாது என்று கடிதம் வந்தது. தபால் வண்டி கணவாய்ப் பக்கம் போவதை நிறுத்தியது. வாரத்தில் மூன்று நாள் காரில் மலாக்கி வீட்டுக்குப் போய்வந்த இன்னொரு பராமரிப்பாளர் இரண்டாவது கிளட்சும் போனதோடு கும்பிடு போட்டுவிட்டார். அந்த மூன்று நாளையும் பிரகாசி எடுத்துக்கொண்டாள், ஆனால் சில நாள் அவள் போய்ச்சேரப் பத்து மணி ஆயிற்று, ஒரு நாள் பதினொன்று. ஒன்பது மணிக்குள் அவருக்கு மாத்திரை போயாக வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து ஷிவோன் என்ற அதிகாரி வந்தாள். கெட்ட மனுஷி அல்ல. காரைப் பாதி வழியில் புகையவிட்டு, மீதி ஐந்து மைலை நடந்தே ஏறி வந்து, ஷூவைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

“மலாக்கி, உங்களை டவுன்ல இருக்கிற முதியோர் இல்லத்துக்கு மாத்திடலாம்னு இருக்கோம். இங்க ஒன்பது மணிக்குள்ள ஆள் வந்து சேர முடியல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்.”

மலாக்கிக்கு ஐம்பத்தொன்பது வயது. எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒன்று சொல்லாமல் விடமாட்டார். சோப்பு கண்ணில் பட்டாலும், குளித்துவிடும் பிரகாசியைப் பார்த்து, “பொண்ணே, உங்க ஊர்ல மீன் கழுவுற மாதிரியே கழுவுற” என்பார். அந்த ஊரில் பெரியவர் சின்னவர் என்றில்லாமல் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பிரகாசியும் வாயால் மலாக்கி என்று கூப்பிட்டு, மனதுக்குள் ஒவ்வொரு தடவையும் ஒரு அண்ணாச்சியைச் சேர்த்துக்கொள்வாள். அந்த அண்ணாச்சி அன்றைக்குக் கேலி எதுவும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே வெகுதூரத்தில் கிடக்கும் ஏரியைப் பார்த்தார். “அந்த இல்லத்துல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான். ஜன்னலைத் திறந்தா சுவர்” என்றார். வலது கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே தட்டில் வைத்துத் தள்ளிவிட்டார்.

பிரகாசிக்கு அது பொறுக்கவில்லை. “ஒன்பது மணிக்குள்ள நான் வரேன்” என்றாள்.

“தினமுமா?”

“தினமும்.”

ஷிவோன் யோசித்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்: முப்பது நாள், ஒரு நாள்கூடத் தவறாமல், கதவருகே இருக்கும் பெட்டியில் பிரகாசியின் அட்டை ஒன்பது மணிக்கு முன்னால் பதிய வேண்டும். பதிந்தால் மலாக்கி இங்கேயே இருக்கலாம். ஒரு நாள் ஒரு நிமிஷம் பிந்தினாலும் வண்டி வந்து கூட்டிப்போகும். எந்த வண்டி இங்கே ஏறி வரும் என்பதை அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பிரகாசியின் புருஷன் ததேயுஸ் அறுபது மைல் தள்ளி ஒரு துறைமுகத்தில் நண்டு பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறவன். விஷயத்தைப் போனில் கேட்டதும் குதித்தான்.

“எட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? அந்த மனுசன் ஒனக்கு அப்பனா, அண்ணனா?”

“அண்ணாச்சிதான்.”

“முட்டு தேஞ்சு போவும், கேட்டியா? பொறவு ஒன்னயக் குளிப்பாட்ட ஒருத்தி வரணும்.”

“வந்தா வரட்டும். நான் வாக்கு குடுத்தாச்சு. நீங்க போன வைங்க, காலையில வெள்ளனே எந்திக்கணும்.”

அக்டோபர் முதல் தேதி காலை ஆறரைக்கு, இருட்டில், தேவாலய வாசலில் மிதிக்கத் தொடங்கியவள் எட்டு ஐம்பத்தொன்றுக்கு அட்டையைப் பதித்தாள். இரண்டாம் நாள் எட்டு ஐம்பத்து மூன்று. நாலாம் நாள் எதிர்க்காற்றில் எட்டு ஐம்பத்தெட்டு. அன்றைக்கு அவள் மலாக்கியின் சமையலறைத் தரையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் சோப்பை எடுத்தாள். மழை பெய்தது, ஆலங்கட்டி விழுந்தது, ஒரு நாள் மேகமே சாலையில் இறங்கிப் படுத்துக்கொண்டது, அவள் ஏறினாள். முட்டி வீங்கியது, துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். கை மரத்துப்போய் கியர் மாற்ற வராமல் பல்லால் கையுறையைக் கழற்றி, விரலை வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு ஏறினாள். போகும்போது கார்வி பக்கமாகப் போய்த் திரும்பும்போது டோலன் பக்கமாக வந்தாள், ஒரு பக்கமாகவே போய்வந்தால் மறு பக்கத்துக்காரர்களுக்குப் பொல்லாப்பாகும் என்று. அப்படியாகத் தினமும் இருபத்திரண்டு மைல், ஒரு முழம் இறக்கம் இல்லாமல்.

ஐந்தாம் நாள் ஃபெஸ்டி கார்வியின் வேலிக்கல் மேல் ஒரு பிளாஸ்கில் தேநீர் இருந்தது. ஆறாம் நாள் நோரீன் டோலன் வீட்டு வேலியில் ஒரு பிளாஸ்க் தேநீரும் வெண்ணெய் தடவிய திராட்சை ரொட்டியும் இருந்தன. எட்டாம் நாள் கார்வி பக்கம் கம்பளிக் கையுறை, ஒன்பதாம் நாள் டோலன் பக்கம் இருட்டில் மின்னும் மேற்சட்டை. ஃபெஸ்டி செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தால் நோரீன் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தாள். இரண்டு வீட்டுக்காரர்களும் மற்றவர் என்ன கொடுத்தார் என்று அவளிடம் கேட்க மாட்டார்கள், அவள் போட்டிருப்பதையும் தின்று முடித்த துணுக்கையும் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பதினைந்தாம் நாளிலிருந்து ஃபெஸ்டி, செங்குத்தான இடங்களில் கூடவே நடந்து வந்து அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். சைக்கிள்காரர்களுக்குள் அது வழக்கம். திராணி உள்ளவன் திராணி இல்லாதவனுக்கு ஏற்றத்தில் ஒரு கை கொடுப்பான், அதற்கு நன்றி சொல்லக் கூடாது.

கார்வி நிலம் முடிகிற இடத்தில் ஒரு கல்பாலம் உண்டு. பாலத்துக்கு அப்பால் டோலன் நிலம், அதில் அரை மைல் போனால் மலாக்கி வீடு. முப்பத்தொரு வருஷமாக ஒரு கார்வியும் அந்தப் பாலத்தைக் கால்நடையாகத் தாண்டியதில்லை. அம்பு போட்ட அன்றுகூட டிராக்டரில் உட்கார்ந்துதான் தாண்டினார்கள், காலைக் கீழே வைக்கவில்லை. ஃபெஸ்டியும் பாலம் வந்ததும் கையை எடுத்துவிடுவார். எதிர்ப்பக்கத்தில் நோரீன் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருப்பாள், கார்விகள் பிரகாசியைப் பேச்சுக் கொடுத்துத் தாமதப்படுத்திவிடக் கூடாதே என்று.

முப்பதாம் நாள், மணி எட்டு இருபதுக்கு, பாலத்துக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது செயின் அறுந்தது.

பிரகாசி இறங்கி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இருபத்தொன்பது நாள் தாங்கிய இரும்பு, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா என்று அழுகை வந்தது, அழவும் செய்தாள், அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற சத்தம் கேட்டு ஃபெஸ்டியும் அவர் மகன்களும் கொட்டகையிலிருந்து வந்தார்கள். ஃபெஸ்டி செயினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏறி உட்காரு.”

“செயின் இல்லையே.”

“ஹேண்டில்பாரைப் பிடி. மீதி எங்க வேலை.”

மூன்று பேரும் மாற்றி மாற்றித் தள்ளினார்கள். பெரியவன் மூச்சு முட்டி விழுந்தான், சின்னவன் கொஞ்ச தூரம் தள்ளிச் சேற்றில் சறுக்கினான், அறுபத்தாறு வயது ஃபெஸ்டி பற்களைக் கடித்துக்கொண்டு தனியாகத் தள்ளி எட்டு ஐம்பதுக்குப் பாலத்தின் முனைக்கு வந்தார். வந்ததும் பழக்க தோஷத்தில் கையை எடுத்தார். சைக்கிள் நின்றது. எதிரே நோரீன் கடிகாரத்தோடு நின்றாள்.

பிரகாசிக்கு ஆங்கிலம் மறந்துபோயிற்று. “தள்ளும்வே! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கீரு? அந்த மனுசன் சுவரப் பாத்துக்கிட்டுச் சாவணுமா?” என்று மணக்குடிக் கரையே கேட்கிற மாதிரி கத்தினாள்.

ஒரு வார்த்தை புரியாமலே எல்லாம் புரிந்தது. ஃபெஸ்டி பாலத்தின் மேல் காலை வைத்தார். நோரீன் கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டு வந்து பிரகாசியின் முதுகில் இடப்பக்கம் உள்ளங்கையை வைத்தாள், வலப்பக்கம் ஃபெஸ்டியின் கை இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அரை மைல் தூரம் அவர்கள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது, கடைசி வளைவில் நோரீன், “உன் பக்கம் சாயுது, ஃபெஸ்டி” என்றாள். “நீ அழுத்தித் தள்ளு” என்றார் அவர். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். அட்டை எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பதிந்தது.

அன்று மதியம் ஃபெஸ்டியின் பெரிய மகன் சைக்கிளுக்குப் புதுச் செயின் மாட்டிக் கொடுத்தான், மாலையே ஷிவோன் போன் செய்தாள். மலாக்கி அங்கேயே இருக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. காலை வேலையை முடித்துவிட்டுப் பன்னிரண்டரை மணிப் பூசைக்குப் போன பிரகாசியைத் தேவாலய முற்றத்தில் ஃபெஸ்டியும் நோரீனும் சேர்ந்து நின்று வழிமறித்தார்கள். ஊரே தள்ளி நின்று பார்த்தது. நோரீன்தான் பேசினாள். “எங்க அம்பை நாங்க அழிக்கிறோம்.” உடனே ஃபெஸ்டி, “எங்க அம்பைத்தான் அழிக்கணும்னு நான் சொல்றேன், இவ கேட்க மாட்டேங்கிறா” என்றார். இப்போது அதற்கு ஒரு சண்டை. கடைசியில் பாதிரியார் காசைச் சுண்டிப் போட்டதில் டோலன் அம்பை அழிப்பது என்று ஆயிற்று. கறுப்புப் பெயின்ட் வாங்கியாயிற்று, திங்கள்கிழமை காலை தொடங்கினால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். “அப்புறம் நீ வீட்டுக்குப் போறப்ப பெடலே மிதிக்க வேண்டாம்” என்றாள் நோரீன்.

பிரகாசிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. இதைப் போனில் சொல்லி என்ன ருசி? முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று, மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, வீங்கிய முட்டியோடு, ஒரே நாளில் இரண்டாம் தடவையாகப் பதினொரு மைலும் ஏறிப் போனாள். வழியெல்லாம் அவள் பாடிக்கொண்டே போனாள்.

கடைசி வளைவில் திரும்பியவள் பிரேக் போட்டாள். நடுச்சாலையில் சக்கர நாற்காலி நின்றது. மலாக்கி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பின்னால் வீட்டுக் கேட் திறந்து கிடந்தது. அந்தக் கேட்டில் எப்போதும் சங்கிலி கிடக்கும். ஆடு புகாமல் இருக்கத்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

“மணி நாலு. உனக்கு இப்ப இங்க என்ன வேலை?” என்றார் அவர், திருட்டு முழியோடு.

“உங்களுக்கு ரோட்டுல என்ன வேலை?”

அவர் தொப்பியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “இந்தச் சுற்றுலேயே பெரிய இறக்கம் என் வாசல்ல இருந்துதான் தொடங்கும். அதுக்காகத்தான் இந்த வீட்டையே வாங்கினேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்த முதல் வாரம், கேட்டைத் திறந்துக்கிட்டு வெளியே வந்தேன். ஒத்தைக் கையால பிரேக்கைப் பிடிக்க முடியல. நாற்காலி என்னை அள்ளிக்கிட்டுப் போச்சு. கீழ ஓடையில அஞ்சு மணி நேரம் கிடந்தேன். அதுக்கப்புறம் அலுவலகத்துக்காரங்க சங்கிலி போட்டுட்டாங்க. நாலு வருஷம் இந்தப் பக்கம் வரல.”

“இப்பம்?” பிரகாசிக்குத் தமிழ்தான் வந்தது. அவருக்குப் புரிந்தது.

“இப்பப் பாரு.” பிரேக்கை எடுத்துவிட்டு, வலது காலால் தரையை உந்தினார். நாற்காலி ஒரு முழம் முன்னால் போய், மெதுவாகப் பின்னுக்கு வந்து, பழைய இடத்திலேயே நின்றது. “எங்க போகும்? எந்தப் பக்கமும் ஏற்றம். கார் கீர் எதுவும் வராது. சாவி தேயிலை டப்பாவுக்கு அடியில இருக்கு. மே மாசத்துல இருந்து நீ போனதும் வந்துடுவேன். கதவுல இருந்து இங்க வர இருபது நிமிஷம், ஒரு கையும் ஒரு காலும்.” அவர் சிரித்தார். “அலுவலகத்துல சொல்லிடாதே. ஊர்லயும் சொல்லாதே, அவங்க வாய் சும்மா இருக்காது.”

பிரகாசி கொண்டுவந்த சேதியை அப்படியே விழுங்கினாள். விழுங்கும்போது வலித்தது, நாளையிலிருந்து காற்றில் உலரப்போகிற சட்டையை நினைத்து உண்மையாகவே வலித்தது. நோரீன் கொடுத்த மேற்சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

“எதுக்கு வந்தே, சொல்லவே இல்லையே?”

“சாயங்கால மாத்திரை எடுத்து வைக்க மறந்துட்டேனோன்னு பாக்க வந்தேன்.”

“நீயா? மறக்கிறவளா?” என்றார் அவர், நம்பாமல்.

திரும்பும் வழியில் அவள் நேராக ஃபெஸ்டியின் முற்றத்துக்குப் போனாள். இரண்டு குடும்பமும் அங்கே தேநீர்க் கோப்பைகளோடு நின்று, கறுப்புப் பெயின்ட்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தது.

“அம்பை அழிக்க வேண்டாம்” என்றாள் பிரகாசி.

ஃபெஸ்டி குச்சியை நிறுத்தினார். “உனக்கு மூளை கலங்கிடுச்சா பொண்ணே? தினம் இருபத்திரண்டு மைலு.”

“நான் கடற்கரைக்காரி. எனக்கு இறக்கம்னா பயம், பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சே கை செத்துடும். ஏற்றத்துக்குக் காலை நம்பினாப் போதும். நீங்க ரெண்டு பேரும் மட்டும் மறுபடி பேச்சை நிறுத்திடாதீங்க, எனக்குப் பாலத்துல கை வேணும்.”

நோரீன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மேற்சட்டை இல்லாததையும் பார்த்தாள். “பயந்தவ முகம் மாதிரி இல்லையே” என்றாள். ஆனால் வேறொன்றும் கேட்காமல் டப்பாவின் மூடியை எடுத்து, மேலே காலை வைத்து அழுத்தி மூடினாள்.

அன்று மாலை ததேயுஸ் வீட்டுக்கு வந்தபோது பிரகாசி முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு அம்ப அழிக்காவளாமே, ஊரெல்லாம் அதான் பேச்சு. இனி ஒனக்கு ராஜயோகந்தான்.”

“அழிக்கல்ல. நாந்தான் வேண்டாம்ணு சொன்னேன்.”

அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. அவள் செயினைத் துடைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். திறந்து கிடந்த கேட்டை, மடியில் இருந்த தொப்பியை, ஒரு முழம் போய்த் திரும்பி வந்த நாற்காலியை. அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தான்.

“பெடலக் கொஞ்சம் சுத்து, பிள்ள” என்றான்.

திங்கள்கிழமை காலை ஆறரை மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தது. பிரகாசி தேவாலய வாசலில் கியரைக் குறைத்து, தலையைக் குனிந்து, மிதிக்கத் தொடங்கினாள். அதுவரை அவள் ஏறியதெல்லாம் தலையில் வந்து விழுந்த ஏற்றம்; அன்றைக்கு ஏறியது அவளே கேட்டு வாங்கிக்கொண்டது.